சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்

என் கோப்புகளில் உள்ள கடிதங்களுள் மிகச் சிறிய ஒன்றைப் பற்றி எழுதவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். “சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன். இவ்வளவு காலமும் வேலை தந்ததற்கு நன்றி.” ஆங்கிலத்தில் இரண்டே வரி, கணினியில் அடித்தது. கீழே கோணலாக ஒரு தமிழ்க் கையெழுத்து. ஒப்பமிட்டவருக்குக் கணினியில் அடிக்கத் தெரியாது. அந்த இரண்டு வரியை முழுதாக வாசித்து விளங்கிக்கொள்ளவும் தெரியாது. தொழிற்சாலை அலுவலகத்தில் யாரோ அடித்து, மேசையில் வைத்து, பேனையையும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அன்று அவருடைய விரல்கள் பேனையைப் பிடிக்கும் நிலையில் இருக்கவில்லை. கையெழுத்துக் கோணியதற்கு அதுதான் காரணம்.

ரொறன்ரோவில் தொழிலாளர் பக்கம் நின்று வழக்காடும் சட்டத்தரணி நான். வேலை போனபின் ஈ.ஐ. எனப்படும் வேலைவாய்ப்புக் காப்புறுதிக் காசு மறுக்கப்பட்டு, மறுப்புக் கடிதத்தோடு வருகிற எங்கள் சனங்களைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். அவர்களுள் அந்தக் கடிதத்தில் ஒப்பமிட்டவரைப் பற்றி அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் வேலை செய்த இடமும் வேண்டாம். அலுவலகத்தில் அக்கா என்றே கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அக்காவுக்கு அப்போது வயது 55. ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கணவரோடும் கல்லூரியில் படிக்கும் மகளோடும் இருந்தார். 11 வருடங்கள் ஒரே தொழிற்சாலை. கடைகளுக்குப் போகிற சண்ட்விச்சும் சலாட்டும் பெட்டியில் அடைக்கிற இடம். சாப்பாடு பழுதாகாமல் இருக்க, அந்த மண்டபம் முழுவதையும் 4 பாகைக்கு மேலே போகவிடாமல் குளிராக வைத்திருப்பார்கள். நூல் கையுறைக்கு மேல் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, 8 மணித்தியாலம் நின்றபடி, ஓடிவருகிற பட்டியில் மூடியை அழுத்தி மூடவேண்டும். எங்கள் பெண்களில் எத்தனையோ பேர் இப்படியான குளிரில் நின்றுதான் வீட்டுக்கடன் கட்டினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள், ஊரில் இருந்தவர்களுக்கும் அனுப்பினார்கள். சம்பளம் மணிக்கு 14 டொலர். ஒன்ராறியோவில் அப்போது சட்டப்படி கொடுக்கவேண்டிய ஆகக் குறைந்த கூலி அதுதான்.

2018ஆம் ஆண்டுக் கடைசியில் அவருக்கு முடக்குவாதம் என்று தெரியவந்தது. கூடவே ரேனோ என்கிற குறைபாடும் இருந்தது. குளிர் பட்டால் விரல்களுக்குப் போகிற சிறு இரத்தக்குழாய்கள் இறுகிவிடும். விரல் முதலில் சுண்ணாம்புபோல வெளுக்கும், பிறகு நீலமாகும். சூடு திரும்புகிறபோது சிவந்து எரியும். கடுமையானவர்களுக்கு விரல் நுனியில் புண்ணும் வரும். அக்காவுக்கு வந்தது.

2019 தை மாதம் வேலையை நிறுத்தி, ஈ.ஐ. நோய்க்கால உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். அது சிக்கலில்லாமல் கிடைத்தது. வாரம் 560 டொலர் சம்பளத்துக்கு 55 வீதம் என்றால் 308 டொலர். முதல் ஒரு கிழமை காத்திருப்பு, பிறகு ஆகக் கூடியது 15 கிழமை. கனடாவில் இந்த நோய்க்கால உதவி 1971இல் வந்தது. அன்று வைத்த 15 கிழமை என்ற எல்லை 2022 மார்கழி வரை அப்படியே இருந்தது. இப்போது 26 கிழமை. புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கிறவருக்கும், இருதய சத்திரசிகிச்சை முடித்தவருக்கும், அக்காவைப் போல வாழ்நாள் முழுவதும் கூடவே வருகிற நோய் கண்டவருக்கும் அரை நூற்றாண்டாக ஒரே அளவு 15 கிழமை. உடம்பு அந்தக் கணக்குக்குக் குணமாவதில்லை. அந்த எல்லைக்குள் நலம் வராமல் காசுக்காகத் திரும்பி வேலைக்குப் போனவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன்.

அக்காவும் திரும்பிப் போனார். குடும்ப வைத்தியர் கொடுத்த கடிதத்தைக் கொண்டுபோனார்: குளிர் அறையில் நிற்கக்கூடாது, இறுக்கிப் பிடித்து அழுத்துகிற வேலை கூடாது. சுப்பவைசர் கடிதத்தை வாங்கி மடித்து வைத்துவிட்டு, அதே பட்டியில் நிற்கச் சொன்னார். மண்டபத்துக்கு வெளியே, சாதாரண அறைச் சூட்டில், பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிற பகுதி ஒன்று இருந்தது. அங்கே மாற்றலாம் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். அங்கே இடமில்லை என்று பதில் வந்தது. சில நாள் நின்றதிலேயே விரல் நுனி வெடித்தது. பிறகுதான் அலுவலகத்துக்கு அழைத்து, முழுதாகச் சுகமானால் வரலாம், இப்போது இந்தத் தாளில் கையெழுத்து வைத்தால் லீவுக் காசு உடனே வரும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் நின்று ஒன்றைச் சொல்லவேண்டும். சேர்ந்து கிடக்கிற லீவுக் காசு வேலை முடிகிறபோது தொழிலாளிக்குச் சட்டப்படி வரவேண்டியது. விலகினாலும் வரும், விலக்கினாலும் வரும், எந்தத் தாளிலும் ஒப்பமிடாவிட்டாலும் வரும். ஆனால் 8 வருடத்துக்கு மேல் வேலை செய்த ஒருவரை நிறுவனம் தானாக நிறுத்தினால், ஒன்ராறியோச் சட்டப்படி பொதுவாக 8 கிழமை முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம் கொடுக்கவேண்டும். தொழிலாளி தானாக விலகினால் ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை. அந்த இரண்டு வரிக் கடிதம் யாருக்கு இலாபம் என்பது இதில் தெரியும்.

வேலை முடிந்ததும் முதலாளி ஆர்.ஓ.ஈ. என்கிற வேலைப் பதிவுச் சான்றை அனுப்புவார். அதில் ஏன் வேலை முடிந்தது என்பதற்கு ஓர் ஆங்கில எழுத்துத்தான் போடுவார்கள். வேலை குறைந்ததென்றால் ‘ஏ’, நோயென்றால் ‘டி’, நிறுத்தப்பட்டவருக்கு ‘எம்’, தானாக விலகியவருக்கு ‘ஈ’. அக்காவின் சான்றில் ‘ஈ’ இருந்தது. வழமையான ஈ.ஐ. உதவிக்கு அவர் விண்ணப்பித்தபோது, அந்த எழுத்தைப் பார்த்து ஓர் அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். ஏன் விலகினீர்கள்? சுகமில்லை. வேறு வேலை தரும்படி கேட்டீர்களா? இல்லை. லீவு கேட்டீர்களா? இல்லை. இப்போது வேலை செய்ய முடியுமா? கை ஏலாது.

இந்த நான்கு பதில்களும் அந்த அதிகாரியின் குறிப்பில் அப்படியே பதிவாகின. மறுப்புக் கடிதம் வந்தது. மீள்பரிசீலனைக்கு மகள் எழுதிப் போட்டார், அதுவும் மறுக்கப்பட்டது. அதற்குமேல் அப்போது இருந்த படி சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயம். கடிதம் கிடைத்து 30 நாட்களுக்குள் அங்கே மேன்முறையீடு செய்யவேண்டியிருந்தது. அக்கா என்னிடம் வந்தபோது அதில் அதிகம் மிச்சம் இருக்கவில்லை.

“பிள்ளை, நான் பொய் சொல்லேல்லை. கேட்டதுக்கு மறுமொழி சொன்னனான். அதாலதான் மறுத்துப்போட்டினம் எண்டால் நான் என்னத்தைச் சொல்லியிருக்கவேணும்?”

அவருடைய கேள்வி நியாயமானது. அந்த மறுப்பு எவ்வளவு கடுமையானது என்று வெளியில் பலருக்குத் தெரியாது. 1993க்கு முன்னர், காரணமில்லாமல் வேலையை விட்டவருக்குச் சில கிழமைகள் உதவி நிறுத்திவைக்கப்படும், பிறகு மிச்சம் கிடைக்கும். 1993இல் அது மாறியது. தக்க காரணம் இல்லாமல் தானாக விலகியவர் என்று முடிவானால் வழமையான உதவி முழுவதும் இல்லை. அதற்கு முன்பு வேலை செய்து சேர்த்த மணித்தியாலங்களையும் மறுபடி தகுதி பெறக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். புதிதாக வேலை தேடி, ஆரம்பத்திலிருந்து மணித்தியாலம் சேர்க்கவேண்டும். அதுவும் யாருடைய காசு? 1990க்குப் பிறகு இந்தக் காப்புறுதிக்கு அரசாங்கம் தன் வருமானத்திலிருந்து வழமையாகப் போடுவதில்லை. தொழிலாளியும் முதலாளியும் கட்டுகிற பணம்தான். 2019இல் தொழிலாளி ஒவ்வொரு 100 டொலர் சம்பளத்துக்கும் 1.62 டொலர் கட்டினார், முதலாளி அதைப்போல 1.4 மடங்கு. அக்காவின் சம்பளத்தில் கிழமைக்கு 9 டொலர். 11 வருடம் ஒரு கிழமைகூடத் தவறாமல் வெட்டப்பட்டிருக்கிறது. அவர் யாரிடமும் தானம் கேட்கவில்லை.

சட்டத்தில் இடமில்லையா என்றால் இருக்கிறது. வேலைவாய்ப்புக் காப்புறுதிச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, எல்லாச் சூழ்நிலைகளையும் வைத்துப் பார்க்கையில் விலகுவதைத் தவிர நியாயமான வேறு வழி இல்லை என்றால் அது தக்க காரணம் என்கிறது. கருத்தில் கொள்ளவேண்டிய சூழ்நிலைகளையும் வரிசையாகச் சொல்கிறது. உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்தான வேலை நிலைமை அதில் உண்டு. விலகும்படி முதலாளி கொடுக்கிற முறையற்ற நெருக்குதலும் உண்டு. 2011இல் பெடரல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வைற் வழக்கில் இதே அளவுகோலைத்தான் திரும்பவும் சொன்னது. விலகாமல் இருக்க நியாயமான மாற்று வழி இருந்ததா என்பதே கேள்வி. நோயாளிக்கு மாற்று வழி என்று வழமையாகச் சொல்லப்படுபவை மூன்று: லேசான வேலை கேட்டிருக்கலாம், லீவு கேட்டிருக்கலாம், விலகமுன் வைத்தியரிடம் ஆலோசனை கேட்டிருக்கலாம். அக்காவின் தொலைபேசிப் பதில்களின்படி முதல் இரண்டையும் அவர் செய்யவில்லை.

இன்னொரு பொறியும் இருந்தது. நோய் காரணமாக வேலை இழந்தவர்கள் எல்லோரும் விழுகிற பொறி இதுதான் என்பது என் அனுபவம். வழமையான உதவி பெற, வேலை செய்யக்கூடியவராகவும் வேலைக்குத் தயாராகவும் இருக்கவேண்டும் என்று 18ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே, கடும் சுகவீனம், அதனால்தான் விட்டேன் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னால், அப்படியானால் இப்போதும் வேலை செய்ய முடியாதே, உதவி இல்லை என்று ஒரு கதவு மூடும். இப்போது வேலை செய்ய முடியும் என்றால், அப்படியானால் ஏன் விட்டீர்கள் என்று மற்றக் கதவு மூடும். இரண்டுக்கும் நடுவில் உண்மை இருக்கிறது: அந்த வேலை முடியாது, வேறு வேலை முடியும். ஒழுங்குவிதிகளும் இதை ஏற்கின்றன. பொருத்தமான வேலை எது என்பதற்கு முதல் அளவுகோலே, அந்த வேலைக்குப் போய்வரவும் அதைச் செய்யவும் விண்ணப்பதாரரின் உடல்நலம் இடம் கொடுக்கவேண்டும் என்பதுதான். ஆனால் ‘கை ஏலாது’ என்று சொன்ன ஒருவருடைய நாலு சொல் பதிலிலிருந்து அந்த நடு உண்மையை யாரும் தோண்டி எடுப்பதில்லை. எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை.

முதல் சந்திப்பில் நான் எல்லோரிடமும் கேட்கிற ஒரு கேள்வியை அக்காவிடமும் கேட்டேன்.

“அக்கா, உங்கட வீட்டில இங்கிலிஸ் கடிதங்கள் எழுதுறது ஆர்?”

“எல்லாம் மகள்தான், பிள்ளை. பாங்க், ஆஸ்பத்திரி, சின்னவயசில அவவின்ரை பள்ளிக்கூடக் கடிதமும் அவதான்.”

அப்படியானால் மகளையும் அழைத்துவாருங்கள் என்றேன். எங்கள் வீடுகளில் தாய் தகப்பனின் வாழ்க்கை பற்றிய ஆவணங்கள் பிள்ளைகளின் கணினியிலும் கைத்தொலைபேசியிலும்தான் கிடக்கின்றன. தாய்க்கே தெரியாமல் கிடக்கும். மகள் வந்தார். வகுப்பு முடித்து நேராக வந்த களைப்பு முகத்தில் இருந்தது. வேலைத்தலத்துக்கு நீங்கள் ஏதாவது எழுதினீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், கைத்தொலைபேசியை எடுத்துத் தேடினார்.

மனிதவளப் பிரிவுக்கு அவர் அனுப்பிய மின்னஞ்சல் அங்கே இருந்தது. கையெழுத்து வைத்த நாளுக்கு முந்திய கிழமை அனுப்பியது. அம்மாவுக்கு இன்ன நோய், வைத்தியரின் கடிதம் இணைத்திருக்கிறேன், லேபிள் பகுதியில் போடமுடியுமா, முடியாவிட்டால் இன்னும் சில கிழமை சம்பளமில்லாத லீவு தரமுடியுமா என்று தெளிவாக, மரியாதையாக எழுதியிருந்தார். பதில் வரவில்லை.

“அன்ரி, பதில் வரேல்லை. அம்மா கவலைப்படுவா எண்டு நான் திருப்பி அவவுக்குச் சொல்லேல்லை. பிறகு வேலை போயிட்டுது. இதைக் காட்டவேணும் எண்டு எனக்குத் தெரியாது.”

லேசான வேலை கேட்டாயிற்று. லீவு கேட்டாயிற்று. வைத்தியரின் கடிதமும் கொடுத்தாயிற்று. மூன்று மாற்று வழியும் ஒரே மின்னஞ்சலில், திகதியோடு இருந்தன. அதிகாரி ‘நீங்கள் கேட்டீர்களா’ என்று அக்காவிடம் கேட்டபோது, தன் வாயால் கேட்டதைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள் என்று அக்கா நினைத்தார். கேட்கவில்லை என்ற பதில் அவரளவில் சத்தியமானது.

அதே மகளிடம் இன்னொன்றும் இருந்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த அம்மாவின் கைகளை, வைத்தியருக்குக் காட்டவென்று எடுத்த படங்கள். மோதிர விரலும் நடுவிரலும் நுனியிலிருந்து பாதிவரை வெள்ளை. அவற்றையும் கோப்பில் சேர்த்தேன்.

அடுத்தது வைத்தியர். இதில்தான் நான் ஆகக் கூடிய கவனம் எடுத்தேன். வழக்கு நடக்கிறது, கடிதம் தாருங்கள் என்று மட்டும் கேட்டால், இரக்கமுள்ள வைத்தியர் ‘இவர் வேலை செய்யத் தகுதியற்றவர்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுவார். நோயாளிக்கு உதவுவதாகத்தான் நினைப்பார். அந்த ஒரு வரி 18ஆம் பிரிவில் வழக்கைக் கொன்றுவிடும். ஆகவே கேள்விகளாக எழுதிக் கேட்டேன். நோய் என்ன, எப்போது தெரியவந்தது? எந்தச் சூழலில், எந்த அசைவில் அது மோசமாகும்? குளிர் அறை வேலையில் தொடர்ந்து நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? அவர் வேலையை விடும் முன்னர் இதைப்பற்றி உங்களிடம் கதைத்தாரா, நீங்கள் என்ன சொன்னீர்கள்? சாதாரண அறைச் சூட்டில், இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லாத வேலையை வேலை முடிந்த நாளிலிருந்து அவரால் செய்யக்கூடியதாக இருந்ததா?

வைத்தியர் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். கடைசிக் கேள்விக்கு, செய்யக்கூடியதாக இருந்தது என்று திட்டமாக எழுதினார். கூடவே, வருகைக் குறிப்புகளின் பிரதியையும் கேட்டு வாங்கினேன். வழக்குக்காக எழுதுகிற கடிதத்தைவிட, வழக்கு என்ற எண்ணமே இல்லாத நாளில் எழுதப்பட்ட குறிப்புக்கு நிறை கூட. வேலையை விடுவதற்குச் சில நாள் முன்னைய குறிப்பில், சுருக்க எழுத்தில் இருந்தது: வேலைத்தலத்தில் மாற்றுவேலை தர மறுக்கிறார்கள் என்கிறார், விரல் நுனியில் புதிய புண், குளிரைத் தவிர்க்கும்படி மறுபடியும் சொன்னேன். நோயாளி பேச்சுவாக்கில் சொன்ன ஒரு குறையைப் பதிந்து வைத்த அந்த வைத்தியருக்கு நான் நன்றியுள்ளவள்.

அக்காவோடு நின்ற ஒரு தமிழ்ப்பெண், சுப்பவைசர் சொன்னதை அவருக்கு மொழிபெயர்த்தவர், சாட்சி சொல்ல வரமுடியாது என்றார். அவர் இன்னும் அங்கேதான் வேலை செய்தார். நான் வற்புறுத்தவில்லை. வேறு ஆதாரம் இருக்கையில் ஒருவருடைய சாப்பாட்டில் கைவைக்க வேண்டியதில்லை.

பிறகு வாதத்தை எந்த வரிசையில் வைப்பது என்ற யோசனை. இவர் விலகவே இல்லை, விலக்கப்பட்டார் என்றும் வாதிக்கலாம். 2004இல் பெடரல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பீஸ் வழக்கில், தொடர்ந்து இருப்பதா விலகுவதா என்று தெரிவு செய்ய அவரால் முடிந்ததா என்பதே எளிய கேள்வி என்றது. முழுச் சுகமில்லாமல் வராதே என்று சொல்லப்பட்டவருக்குத் தெரிவு ஏது? என் மனதில் அதுதான் உண்மை. ஆனால் ஒப்பமிட்ட கடிதம் ஒன்று கோப்பில் இருக்கிறபோது, அதை இல்லையென்று வாதாடுவதிலேயே விசாரணை நேரம் போய்விடும் என்று நினைத்தேன். ஆகவே விலகினார் என்றே வைத்துக்கொண்டாலும் வேறு வழி இருக்கவில்லை என்பதை முன்னுக்கு வைத்தேன். விலக்கப்பட்டார் என்பதை இரண்டாவதாக வைத்தேன். மாற்றுத்திறன் அல்லது நோய் உள்ள தொழிலாளிக்கு, நிறுவனத்துக்குத் தாங்கமுடியாத சிரமம் வராத எல்லைவரை வேலையை ஏற்றபடி மாற்றிக் கொடுக்கவேண்டியது முதலாளியின் கடமை என்று ஒன்ராறியோ மனித உரிமைக் கோவை சொல்வதையும் எடுத்துக்காட்டினேன். அந்தக் கோவையின்படி தனி வழக்கே போடலாம் என்று அக்காவுக்கு விளக்கினேன். அவர் வேண்டாம் என்றார். 11 வருடம் சாப்பாடு தந்த இடத்தோடு சண்டைக்குப் போக மனமில்லை, என்ரை காசு வந்தால் போதும் என்றார். வழக்கு அவருடையது, முடிவும் அவருடையது.

2020 தொடக்கத்தில், பெருந்தொற்று வருவதற்குக் கொஞ்சம் முன்னர், தொலைபேசி வழியாக விசாரணை நடந்தது. 2013க்கு முன்னர் இப்படியான மேன்முறையீடுகளை விசாரித்த நடுவர் சபையில் மூன்று பேர் இருப்பார்கள். ஒருவர் தொழிலாளர் பக்கத்தால், ஒருவர் முதலாளிகள் பக்கத்தால் வந்தவர். அக்காவின் வழக்கைக் கேட்ட தீர்ப்பாயத்தில் ஒரே உறுப்பினர். காப்புறுதி ஆணைக்குழுவின் வாதம் எழுத்திலேயே வந்திருந்தது, ஆள் வரவில்லை. அது பெரும்பாலும் அப்படித்தான். தீர்ப்பாயம் தன் செலவில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்திருந்தது. அக்காவும் நானும் என் மேசையில் ஒலிபெருக்கியில் போட்ட தொலைபேசிக்கு முன்னால் இருந்தோம். மகளும் சாட்சியாகக் காத்திருந்தார்.

உறுப்பினர் மரியாதையாகவும் நேரடியாகவும் கேட்டார். முதல் கேள்வியே அந்தத் தொலைபேசிக் குறிப்பைப் பற்றியது. வேறு வேலை கேட்கவில்லை என்று அதிகாரியிடம் சொல்லியிருக்கிறீர்கள், இப்போது கேட்டதாகச் சொல்கிறீர்கள், எது சரி?

“நான் என்ரை வாயால கேக்கேல்லை. மகள் எழுதினவ. டொக்டரின்ரை கடிதத்தைச் சுப்பவைசரின்ரை கையில குடுத்தது நான். அதுவும் கேக்கிறதுதானே?”

அக்கா இதை அழகுபடுத்தாமல் சொன்னார். விசாரணைக்கு முன் நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: முன்னர் சொன்னதை மறைக்கவேண்டாம், அது ஏன் அப்படி வந்தது என்று சொல்லுங்கள். அடுத்து மகள் மின்னஞ்சலைப் பற்றிச் சாட்சியம் சொன்னார். எப்போது அனுப்பினார், எந்த முகவரிக்கு, பதில் வந்ததா, ஏன் அம்மாவுக்குச் சொல்லவில்லை. கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்கையில் அவருடைய குரல் இடறியது. உறுப்பினர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

பிறகு நான் எதிர்பார்த்த கேள்வி வந்தது. பேனை பிடிக்கவும் கஷ்டம் என்கிறீர்கள், அப்படியானால் வேலை செய்ய முடியும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

“குளிருக்குள்ளதான் என்ரை கை விறைக்கும், ஐயா. சூடான இடத்தில நான் சமைக்கிறன், கூட்டுறன், உடுப்பு மடிக்கிறன். கடைக் கவுண்டரில நிக்க ஏலும். பிள்ளையளைப் பாக்க ஏலும். வேலை தாறதுக்குத்தான் ஆக்கள் இல்லை.”

அவர் வேலை தேடிய விபரத்தைத் திகதி வாரியாக மகள் எழுதி வைத்திருந்தார்: தமிழ்ப் பலசரக்குக் கடைகள், ஒரு புடைவைக் கடை, ஒரு குழந்தைகள் பராமரிப்பு நிலையம், மண்டபம் ஒன்றின் வரவேற்பு மேசை. எல்லாமே குளிர் இல்லாத, இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லாத வேலைகள். வைத்தியர் எழுதிய எல்லைக்குள் அந்தப் பட்டியல் அப்படியே பொருந்தியது. நான் பேசவேண்டியது மிகக் கொஞ்சம்தான் இருந்தது. வைத்தியரின் குறிப்பு, மின்னஞ்சல், ஒப்பமிட்ட கடிதம் மூன்றின் திகதிகளையும் வரிசையாகச் சொல்லி, இந்தக் கிழமைகளில் இவருக்கு இருந்த நியாயமான மாற்று வழியை யாராவது காட்டட்டும் என்று நிறுத்தினேன்.

தீர்ப்பு எழுத்தில் வந்தது. விலகல் கடிதத்தில் ஒப்பமிட்டதால் அவர் விலகியதாகவே கொள்ளவேண்டும் என்றது. இரண்டாவது வாதம் நிற்கவில்லை. ஆனால் அந்த வேலை அவருடைய உடல்நலத்துக்கு ஆபத்தானது, மாற்று வேலையும் லீவும் கேட்கப்பட்டுப் பதில் இல்லை, வைத்திய ஆலோசனை முன்னரே இருந்தது, ஆகவே விலகுவதைத் தவிர நியாயமான வழி இருக்கவில்லை என்று முடிவு செய்தது. அன்றைய தொலைபேசிக் குறிப்பைவிட, அதற்கு முன்னரே எழுதப்பட்ட ஆவணங்களுக்கு நிறை கொடுத்ததாகவும் உறுப்பினர் எழுதியிருந்தார். மற்ற வேலைகளுக்கு அவர் தயாராக இருந்தார் என்பதையும் ஏற்றார். மேன்முறையீடு அனுமதிக்கப்பட்டது.

எதிர்ப்பக்கம் மேலே போகவில்லை. பிடித்து வைத்த கிழமைகளின் காசு மொத்தமாக வங்கியில் விழுந்தது. அதில் முதலில் மகளின் கல்லூரிக் கட்டண நிலுவையைக் கட்டியதாக அக்கா சொன்னார்.

வேலைத்தலத்தில் நோயைச் சொல்ல எங்கள் சனங்கள் கூச்சப்படுகிறார்கள். சுகமில்லாதவள் என்று பெயர் வந்தால் அடுத்த ஆட்குறைப்பில் நான்தான் முதல் என்ற பயம். அந்தப் பயம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சொல்லாத நோய்க்குச் சட்டம் உதவமுடியாது. வைத்தியரின் கடிதத்தை வேலையில் கொடுக்கிறபோது ஒரு பிரதி வீட்டில் வையுங்கள். லேசான வேலையோ லீவோ வேண்டுமென்றால், பிள்ளையைக் கொண்டாவது இரண்டு வரி மின்னஞ்சல் எழுதிப் போடுங்கள். வைத்தியரிடம் போகிறபோது வேலையில் நடக்கிறதையும் சொல்லுங்கள், அவர் பதிந்து வைப்பார். அதிகாரி தொலைபேசியில் அழைத்தால், தமிழில் மொழிபெயர்ப்பு வேண்டும் என்று கேளுங்கள். விளங்காத கேள்விக்கு இல்லை என்று பதில் சொல்லவேண்டாம்.

மறுப்புக் கடிதம் வந்தால் அதை மேசை இலாச்சிக்குள் வைத்துவிடாதீர்கள். எத்தனை நாளுக்குள், எங்கே எழுதவேண்டும் என்று அந்தக் கடிதத்திலேயே இருக்கும். மீள்பரிசீலனைக்கு 30 நாள். அதுவும் மறுக்கப்பட்டால் மேன்முறையீட்டுக்கு இன்னொரு 30 நாள். கட்டணம் எதுவும் இல்லை. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்களுக்கு ஒன்ராறியோவில் சமூகச் சட்ட நிலையங்கள் இலவசமாக உதவுகின்றன. நாள் தவறியிருந்தாலும், ஏன் தவறியது என்று எழுதி நீடிப்புக் கேளுங்கள். மேன்முறையீட்டுக்கு ஒரு வருடம் முடியாதவரை கேட்க இடமுண்டு.